மடிக்கணினி விழிக்கும் வரிசை

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் கிராமங்களின் பிள்ளைகள் பலருக்கு வீட்டின் முதல் கணினியே அதுதான். விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் அதில் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது.

பொத்தானை அழுத்தியதும் திரையில் வரிகள் ஓடுகின்றனவே, ஏன்?

இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுந்ததும் ‘இனிட்’ என்ற முதல் நிரலை இயக்கும். அதன் எண் எப்போதும் 1. அந்தக் காலத்து டெபியனில் அது, இரண்டாம் இயக்க நிலைக்கான ‘ஆர்சி2.டி’ என்ற கோப்புறைக்குப் போகும். அங்கே ‘எஸ்20’ போலத் தொடங்கும் பெயர்கள் இருக்கும்: எஸ் என்றால் தொடங்கு, கே என்றால் நிறுத்து, எண் என்பது வரிசை. இப்படி ஒவ்வொன்றாகத் தொடங்குவதைத்தான் திரையில் ஓடும் வரிகள் சொல்கின்றன. பாவு பூட்டாமல் ஊடை ஓட்ட முடியாது என்பது அருப்புக்கோட்டை நெசவாளருக்குத் தெரியும். வட்டு இணையாமல் அதிலுள்ள நிரலும் ஓடாது.

அந்தப் பெயர்கள் வெறும் சுட்டிகள். உண்மையான ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, ‘இனிட்.டி’ கோப்புறையில் ஒரே பிரதியாக இருக்கும். அங்கே திருத்தினால் எல்லா இயக்க நிலைகளுக்கும் போதும். அழகான ஏற்பாடு!

ஆனால் எண்களைக் கையால் கணக்கிடுவது தொல்லை. 2011இல் வந்த டெபியன் 6, ‘எனக்கு முன் இன்னது வேண்டும்’ என்று ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே எழுதவைத்து, வரிசையைத் தானே கணித்தது. 2015இல் டெபியன் 8, பழைய இனிட்டுக்குப் பதிலாக ‘சிஸ்டம்டி’க்கு மாறியது. அதில் தயாரிப்பாளரின் அமைவுகள் ‘லிப்’ கோப்புறையில் இருக்கும். நம் மாற்றங்கள் ‘இடிசி’யில் தனியாக இருப்பதால், புதுப்பித்தாலும் அழிவதில்லை.