ஸ்னோபுளோயர்: பனி நாட்டு வீடுகளின் காவல்காரன், கவனம் தவறினால் விரலுக்கு எமன்

இரவோடு இரவாக 20 செ.மீ. பனி கொட்டியிருக்கிறது. காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். கேரேஜில் இருந்து தெரு வரை போகும் டிரைவ்வே 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் கிடக்கும் பனி 14 கன மீட்டருக்கும் அதிகம். பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று இருக்கும் புதுப் பனி என்றாலே அதன் எடை சுமார் ஒன்றரை டன் வரும். ஒரு ஸ்விஃப்ட் காரின் எடையைவிட இது அதிகம். ஈரப் பனி என்றால் இரண்டு மடங்கு ஆகிவிடும்.

இதை முழுக்க ஷவலால் அள்ளி ஓரத்தில் வீச வேண்டும். அடுத்த நாளும் பனி பெய்தால், மறுபடியும் முதலில் இருந்து.

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் தனி வீடு வாங்கும் பலர் இரண்டாவது குளிர்காலத்திலேயே ஸ்னோபுளோயர் தேடத் தொடங்குவது இதனால்தான். ஸ்கார்பரோ, மார்க்கம் என டொரண்டோவைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிப்போன சங்கதி. புதிதாகப் போகிறவர்களுக்குத்தான் ‘பனியை அள்ள ஒரு மெஷினா?’ என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஷவல் போதாதா?

இளவயது, நல்ல உடம்பு, சின்ன டிரைவ்வே என்றால் போதும். மற்றவர்களுக்கு இது முதுகுவலியோடு முடிகிற விஷயம் இல்லை.

கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனை மற்றும் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து, கனடிய மருத்துவ சங்கத்தின் இதழில் 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. பனியே பெய்யாத நாளோடு ஒப்பிட்டால், 20 செ.மீ. பனி பெய்த மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் அபாயம் 34 சதவீதமும் அதிகம் என்றது அந்த ஆய்வு. பெண்களிடம் இப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. யார் ஷவல் பிடித்தார், யார் பிடிக்கவில்லை என்ற விவரம் அந்தப் பதிவுகளில் இல்லை. ஆனாலும் பனி அள்ளுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

காரணம் புரியாதது அல்ல. குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தைத் தூக்கி வீசினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை.

மெஷின் வந்துவிட்டால் ஆபத்து போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. 2022 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களுக்குள் 80 அங்குலம், அதாவது ஆறரை அடிக்கும் மேல் பனி கொட்டியது. ஈரி ஏரியின் வெதுவெதுப்பான நீர்மேல் உறைகுளிர்க் காற்று கடந்து, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுபோய்க் கரையில் கொட்டும் ‘லேக் எஃபெக்ட்’ பனி அது. பனியை அள்ளும்போதும் ஸ்னோபுளோயர் ஓட்டும்போதும் ஏற்பட்ட உடல் அழுத்தத்தால் இதயப் பாதிப்பு வந்து இறப்புகள் நேர்ந்ததாக உள்ளூர் நிர்வாகம் அப்போது அறிவித்தது. 100 கிலோ மெஷினை வளைத்துத் திருப்புவதும் வேலைதானே.

எப்படி வேலை செய்கிறது?

தெருப் பனியை ஊதித் தள்ளும் வண்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட். 1925-ல் உருவாக்கினார்; 1927-ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமோன் நகரம் முதல் வண்டியை வாங்கியது. அது லாரி அளவு சமாச்சாரம். வீட்டுக்காரர் பின்னால் நடந்து ஓட்டும் மெஷின்கள் 1950-களில்தான் வந்தன. விஸ்கான்சின் மாநிலத்தின் ஏரியன்ஸ் நிறுவனம் 1960-ல் இறக்கிய ‘ஸ்னோ-த்ரோ’வின் வாரிசுகள் இன்றும் கடைகளில் உள்ளன.

வீட்டு மெஷினில் முக்கியமாக இரண்டு வகை. முதலாவது சிங்கிள் ஸ்டேஜ். முன்னால் சுழலும் ரப்பர் துடுப்பே பனியை அள்ளும், அதே வேகத்தில் மேலே இருக்கும் குழாய் வழியாக வீசும். எடை குறைவு, விலை குறைவு. துடுப்பு தரையைத் தொட்டுக்கொண்டே போவதால் தார், சிமெண்ட் தரைகளைச் சுத்தமாக வழித்துவிடும். ஜல்லி போட்ட டிரைவ்வேயில் இதை ஓட்டினால் பனியோடு கல்லும் பறக்கும். பக்கத்து வீட்டு ஜன்னல் காலி.

இரண்டாவது டூ ஸ்டேஜ். முன்னால் ‘ஆகர்’ என்ற இரும்புத் திருகு பனியை நறுக்கி நடுவுக்கு இழுக்கும். பின்னால் வேகமாகச் சுழலும் ‘இம்பெல்லர்’ என்ற விசிறி அதைக் குழாய் வழியாக வெளியே தூக்கி எறியும். சக்கரங்களுக்கும் எஞ்சின் உந்துவிசை உண்டு. ஆகர் தரையைத் தொடாது; பக்கவாட்டில் இருக்கும் சறுக்குக் கட்டைகளை ஏற்றி இறக்கி இடைவெளியை வைத்துக்கொள்ளலாம். அதனால் ஜல்லித் தரைக்கும் ஆகும். வீடுகளில் 24 முதல் 28 அங்குல அகலம் சாதாரணம்.

எதை வாங்குவது என்பதை முடிவு செய்வது டிரைவ்வேயின் நீளம் மட்டுமல்ல. அதன் கடைசி ஒரு மீட்டரும்தான். நகராட்சியின் பனி வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வரப்பை விட்டுவிட்டுப் போகும். தெருவில் போட்ட உப்பும், உருகிய நீரும், நசுங்கிய பனிக்கட்டியும் கலந்த வரப்பு. அரைமணி நேரம் விட்டால் கல் மாதிரி இறுகிவிடும். சிங்கிள் ஸ்டேஜ் மெஷின் இங்கேதான் திணறும். ஒரே பருவத்தில் மெஷினை மாற்றியவர்களைக் கேட்டால், பெரும்பாலும் இந்த வரப்பைத்தான் திட்டுவார்கள்.

விரல் போவது எப்படி?

ஈரப் பனி குழாயில் அடைத்துக்கொள்ளும். சீறிக்கொண்டிருந்த மெஷின் பனி கக்குவதை நிறுத்திவிடும். குளிரில் நிற்கும் ஆளுக்குத் தோன்றும் முதல் யோசனை, கையை விட்டுத் தோண்டிவிடலாம் என்பதுதான். அமெரிக்காவில் குளிர்காலம்தோறும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வரும் கைக் காயங்கள் பலவற்றின் பின்னால் இந்த ஒரு நொடிதான் இருக்கிறது. பெரும்பாலும் பழக்கப்பட்ட கையின் நடுவிரல்கள்தான் சிக்கும்.

புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் ஜோ சாகிக்கையே எடுத்துக்கொள்ளலாம். கொலராடோ அவலான்ச் அணியின் கேப்டனாக இருந்த அவர், 2008 டிசம்பரில் வீட்டில் ஸ்னோபுளோயரில் கை சிக்கி மூன்று விரல்களை முறித்துக்கொண்டார், தசைநாரும் சேதமானது. அடுத்த ஆண்டு ஓய்வை அறிவித்தார். (2023 புத்தாண்டு அன்று நடிகர் ஜெரமி ரென்னரை நசுக்கியது ஸ்னோபுளோயர் அல்ல. அது 6 டன்னுக்கு மேல் எடையுள்ள ‘ஸ்னோகேட்’ என்ற சங்கிலிச் சக்கர வண்டி.)

எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை விட்டாலும் அடிபடுகிறவர்கள் உண்டு. அது ஏன்? அடைப்பில் சிக்கி நிற்கும் இம்பெல்லரிலும் பெல்ட்டிலும் முறுக்கு விசை தேங்கி நிற்கும். அடைப்பை எடுத்த அந்தக் கணமே பிளேடு படக்கென்று கொஞ்சம் சுழலும். ஒரு விரலுக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

எனவே, ஆகர் கைப்பிடியை விட வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும், சாவியைப் பிடுங்க வேண்டும், எல்லாம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகும் கை கூடாது, குச்சிதான். புது மெஷின்களில் இதற்கென்றே பிளாஸ்டிக் துடுப்பு ஒன்றை மாட்டியே தருகிறார்கள். கைப்பிடியை விட்டால் ஆகர் நின்றுவிடும் அமைப்பும் உண்டு. ‘தொந்தரவாக இருக்கிறது’ என்று கைப்பிடியைக் கயிற்றால் கட்டி வைக்கும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது.

சின்ன போல்ட், பெரிய வேலை

பனிக்கு அடியில் செய்தித்தாள் கட்டு, செங்கல், குழந்தைகளின் பொம்மை என்று எதுவும் கிடக்கலாம். ஆகர் அதில் மோதினால் ‘டக்’ என்ற சத்தத்தோடு ஒரு பக்கத் திருகு சுற்றுவதை நிறுத்திவிடும். புதியவர்கள் மெஷின் போச்சு என்று பதறுவார்கள். உண்மையில் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது என்று அர்த்தம்.

ஆகரை அதன் தண்டோடு இணைப்பது ‘ஷியர் பின்’ என்ற மென்மையான போல்ட். அதிர்ச்சி வந்தால் முதலில் தான் உடைந்து, உள்ளே இருக்கும் கியர்பாக்ஸைக் காப்பதுதான் அதன் வேலை. சில டாலர் பொருள். கியர்பாக்ஸ் மாற்றினால் நூற்றுக்கணக்கில் போகும்.

தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். கையில் ஸ்பேர் இல்லை, வெளியே பனிப்புயல். ‘போல்ட்தானே’ என்று டப்பாவில் கிடக்கும் உறுதியான எஃகு போல்ட்டை மாட்டிவிடுவார்கள். அடுத்த மோதலில் அது உடையாது. கியர் பல்தான் உடையும். அந்த மாடலுக்கான ஷியர் பின் நான்கைந்தை டேப் போட்டு மெஷின் மேலேயே ஒட்டி வைப்பது பழைய ஆட்களின் வழக்கம். நல்ல வழக்கம்.

இன்னொரு விஷயமும் உண்டு, பலர் கவனிக்காதது. ஆகர் தண்டில் ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் ஆகரும் தண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஷியர் பின் உடைந்தாலும் ஆகர் தண்டோடு சேர்ந்தே சுற்றும். பாதுகாப்பு இருப்பதுபோலத் தெரியும், இருக்காது.

வில்லன் பழைய பெட்ரோல்

முதல் பனிக்குப் பிறகு ரிப்பேர் கடைகளில் நிற்கும் வரிசையில் ஒரே புகார்தான் அதிகம்: ‘போன வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு, இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.’ மார்ச்சில் டாங்கில் விட்ட பெட்ரோல் நவம்பர் வரை உள்ளேயே இருந்திருக்கும். வட அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகி, கார்பரேட்டரின் ஊசித் துளைகளை அடைக்கும்.

புது பெட்ரோல் வாங்கிய அன்றே ஸ்டெபிலைசர் திரவத்தைக் கலந்துவிடலாம். சீசன் முடிந்ததும் எரிபொருள் வால்வை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்பரேட்டர் காலியாகிவிடும். எஞ்சின் ஆயிலும் அப்போதே மாற்றப்பட வேண்டியது. குளிரில் கெட்டியாகாத 5டபிள்யூ-30 ரகம்தான் பெரும்பாலான மாடல்களுக்கு. ஸ்பார்க் பிளக், பெல்ட், டயர் காற்று ஆகியவற்றைப் பார்ப்பது அரைமணி நேர வேலை.

‘எலெக்ட்ரிக் ஸ்டார்ட்’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பல மெஷின்களில் அதற்கு பேட்டரி கிடையாது. வீட்டு பிளக் பாயிண்டில் ஒயரை மாட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கரண்ட் போன பனிப்புயல் காலையில் கயிற்றைத்தான் இழுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சில நிமிடம் ஆகரை வெறுமனே ஓடவிடுவதும் முக்கியம். ஒட்டியிருக்கும் ஈரப் பனி பறந்துவிடும். அப்படியே நிறுத்தினால் இரவில் இம்பெல்லர் உறைந்து இறுகும். காலையில் எஞ்சின் ஓடும், பெல்ட் மட்டும் கருகி நாறும். இதையெல்லாம் வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். கேரேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எஞ்சினைச் சூடேற்றினாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் போகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவதும் கூடாது.

பனியை எங்கே வீசுவது?

தெருவில் வீசக்கூடாது. ஒன்டாரியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, அனுமதியில்லாமல் சாலையில் பனியைப் போடுவது குற்றம். பக்கத்து வீட்டு டிரைவ்வே பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் குழாயைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வீசியது அத்தனையும் ஓட்டுகிறவர் முகத்துக்கே வரும்.

பேட்டரி மெஷின் வாங்கலாமா?

பெட்ரோல், கார்பரேட்டர், ஆயில் தலைவலி எதுவும் கிடையாது. சத்தமும் குறைவு, காலை 5 மணிக்கு ஓட்டினாலும் தெருவே எழுந்து சபிக்காது. சின்ன டிரைவ்வேக்கும் மிதமான பனிக்கும் தாராளமாகப் போதும். ஆனால், குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் குறையும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பேட்டரி கெடும் என்பதால் அதை வீட்டுக்குள் வைக்க வேண்டும். பஃபலோ மாதிரி ஊரில், இறுகிய வரப்போடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டிய வீட்டுக்கு இன்றைக்கும் பெட்ரோல் டூ ஸ்டேஜ்தான் நம்பகமானது.

புதிய டூ ஸ்டேஜ் மெஷினுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பதால் பழையதைத் தேடுகிறவர்கள் அதிகம். பனிப்புயல் எச்சரிக்கை வந்த அன்று போனால் விலை ஏறியிருக்கும். வசந்தகாலம் வந்ததும் கேரேஜில் இடமில்லாமல் விற்பவர்களிடம் பேரம் படியும். எஞ்சின் ஏற்கனவே சூடாக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்ற நிலையில் ஸ்டார்ட் ஆவதுதான் சோதனை. பிறகு எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஷியர் பின்களையும் உருவச் சொல்லி, ஆகரைக் குச்சியால் தள்ளிச் சுற்றிப் பார்க்கலாம். தண்டு நிற்க, ஆகர் மட்டும் தனியாகச் சுழன்றால் வாங்கலாம். இரண்டும் சேர்ந்து சுற்றினாலோ, அசையவே மறுத்தாலோ, விற்பவர் கிரீஸ் டப்பாவைத் தொட்டே வருஷக்கணக்காகிவிட்டது என்று பொருள்.