தகர மூடியும் தங்கக் கனவும்

புதையல் இல்லாத ஊர் இருக்கலாம். புதையற்கதை இல்லாத ஊர் இல்லை. ஆலமரத்தடியில் ஏழு செம்பு நிறையப் பொன் கிடக்கிறதென்றும், பூதமொன்று அதனைக் காத்து நிற்கிறதென்றும், கறுப்புச் சேவல் கொடுத்தாலன்றி அது வழிவிடாதென்றும் நேயர்கள் பலர் தம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பர். அப்பொன் இருக்குமிடத்தை அறிய விரும்பியவர் அக்காலத்தில் அஞ்சனக்காரரை நாடினார். அவர் வெற்றிலையில் மையைத் தடவிக் கூர்ந்து நோக்கி, இத்தனை முழ ஆழத்தில் இன்ன திசையில் இருக்கிறதென்பார். தோண்டியவர் கையில் வெறும் மண் வந்தால், பூதம் செம்பை நகர்த்திவிட்டதென்று கூறித் தட்சிணையோடு எழுந்துவிடுவார்.

இன்று அவருடைய ஆசனத்தில் வந்து அமர்ந்திருப்பது உலோகங் காட்டும் கருவி. மை பொய் சொல்லும். கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்லும் உண்மையே ஆளை அலைக்கழித்து விடுகிறது. வேடிக்கையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கருவியின் அமைப்பு எளியது. நீண்ட கோலின் நுனியில் வட்டமான தட்டு. தட்டினுள்ளே கம்பிச் சுருள். மின்சாரம் திசை மாறி மாறி அச்சுருளில் ஓடும்போது, அதனைச் சூழக் காந்தப் புலம் ஒன்று உண்டாகி மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் கிடக்குமாயின் அதில் சிறு மின்னோட்டச் சுழிகள் எழுகின்றன. அச்சுழிகள் தாமும் ஒரு காந்தப் புலத்தைப் பிறப்பிக்க, மேலேயுள்ள கருவி அதனை உணர்ந்து காதிலே ஒலிக்கிறது. நாணயமளவான பொருளாயின் ஒன்றிரண்டு சாணுக்குக் கீழே சாதாரணக் கருவிகளுக்குச் செவி எட்டுவது அரிது. ஏழு முழம், எட்டு முழம் என்ற பேச்செல்லாம் அஞ்சனக்காரரோடு போயிற்று.

இத்தகைய கருவியொன்றை நல்லதண்ணிக்கு எடுத்துச் சென்றால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மஸ்கெலியாவுக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்கள் சூழ, சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை, 2,243 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியை நோக்கி யாத்திரிகர் இரவிரவாக ஏறுகின்றனர். உச்சியிலுள்ள பாதச் சுவடு சைவருக்குச் சிவன் பாதம். பௌத்தருக்குப் புத்தர் பாதம். இஸ்லாமியர் அதனை ஆதமின் பாதம் என்பர். இத்தனை மக்கள் எத்தனையோ தலைமுறைகளாக நடந்த வழியில் மோதிரமும் தோடும் காசும் விழாமலா இருந்திருக்கும்? கருவி ஏந்தியவரின் கணக்கு இதுவே. கணக்கில் பிழையில்லை. ஆயினும் அதே மக்கள் சோடாப் போத்தலும் குடித்தார்கள், சிகரெட்டும் பிடித்தார்கள், கைவிளக்கின் தீர்ந்த மின்கலத்தைப் பற்றைக்குள் வீசியும் சென்றார்கள். ஆகவே முதல் 'கீ' சோடா மூடி. இரண்டாவது 'கீ' இன்னொரு சோடா மூடி. மூன்றாவது சற்று இனிமையாக ஒலிக்கவே, நெஞ்சு படபடக்க முழந்தாளிட்டுத் தோண்டினால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.

இரும்பை ஒதுக்கும்படி கருவியைத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். திருத்திக்கொள்ளலாம். ஆனால் பானத் தகரங்களைத் திறக்கும் அலுமினிய வளையத்துக்கும் மெல்லிய பொன் மோதிரத்துக்கும் கருவியின் காதில் ஏறத்தாழ ஒரே சுருதிதான். அந்த வளையத்தைத் தள்ளினால் மோதிரமும் தள்ளுண்டு போகும். தங்கத்துக்காகக் காத்திருப்பவர் குப்பையையும் ஒன்று விடாமல் பொறுக்கியே தீரவேண்டும்.

மலைப்பாதையில் யாத்திரிகர் ஊசியும் நூலும் இட்டு வணங்கும் ஓரிடமும் உண்டு. புத்தபிரான் தம் சீவர ஆடையின் கிழிசலைத் தைத்துக்கொண்டது அங்கே என்பது ஐதிகம். அவ்விடத்தைக் கடக்கும்போது கருவியின் நிலை என்னாகும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். லயங்களின் பக்கம் திரும்பினாலோ, கூரைத் தகரமும் ஆணியும் தேய்ந்த மண்வெட்டியும் முறிந்த கவ்வாத்துக் கத்தியுமாகக் கருவி வாய் மூடவே மூடாது. இதைவிடப் பெரிய வேடிக்கை, மலையின் மறுபுறம் இறங்கினால் வருவது இரத்தினபுரி. நீலக்கல்லுக்குப் பேர்போன அந்நாட்டில் விலை மதிப்பற்ற கல்லொன்று தட்டுக்கு நேர்கீழே கிடந்தாலும் கருவி மூச்சு விடாது. கல் உலோகமன்று, பூட்சிலிருந்து உதிர்ந்த ஆணி உலோகம். கருவிக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவே.

இக்குறும்பு கருவியோடு கூடப் பிறந்தது. 1881 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலினுள்ளே குண்டு தங்கிய இடம் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல், மின்காந்தத்தால் உலோகத்தை அறியும் கருவியொன்றை அவசர அவசரமாகச் செய்து வந்தார். பழைய போர்களில் குண்டடிபட்டு அதனை உடலில் தாங்கி வாழ்ந்தவர்களிடம் சோதித்தபோது அது சரியாகவே வேலை செய்தது. ஜனாதிபதியின் கட்டிலருகே வந்ததும் தடுமாறியது. மெத்தைக்குள் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தன என்பது பின்னரே தெரியவந்தது. அதனோடு, குண்டு வலப்புறத்தில்தான் இருக்கிறதென்று உறுதிகொண்ட தலைமை மருத்துவர், இடப்புறத்தைத் தேட இடங்கொடுக்கவில்லை. குண்டு இருந்ததோ இடப்புறத்தில். செப்டெம்பரில் கார்ஃபீல்டு காலமானார். சிரிப்பதற்குரிய செய்தியன்று இது. எனினும், கருவி ஒன்றைச் சொல்ல மனிதன் வேறொன்றைக் கேட்கும் பழக்கம் அக்கட்டிலருகிலேயே தொடங்கிவிட்டது.

பழக்கம் விட்டபாடில்லை. 2013 ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்திலுள்ள தௌண்டியா கேடா என்ற சிற்றூரில் நடந்தது உலகமே வேடிக்கை பார்த்த புதையல் வேட்டை. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் தூக்கிலிடப்பட்ட சிற்றரசர் ஒருவர் சாது ஒருவருடைய கனவிலே தோன்றி, தம் கோட்டையடியில் 1,000 தொன் பொன் இருக்கிறதென்றாராம். புவிச்சரிதவியல் துறையினர் கருவிகொண்டு ஆராய்ந்து, நிலத்தடியில் உலோகம் போன்ற ஏதோவொன்றின் அறிகுறி உண்டென்று அறிவித்தனர். கனவும் கருவியும் ஒத்துப்போனால் யார்தான் சும்மா இருப்பார்? அக்டோபர் 18 இல் தொல்பொருள் துறையினர் தோண்டத் தொடங்கினர். கூட்டம் திரண்டது, தொலைக்காட்சி வண்டிகள் வந்தன, தின்பண்டக் கடைகள் முளைத்தன, காவலர் வந்தனர். பொன்னுக்குப் பங்கு கேட்டவரும் உண்டு. வெளிப்பட்டவை பானை ஓடுகள், வளையல் துண்டுகள், பழைய சுவர்கள். அகழ்வாளருக்கு அவையும் செல்வமே, கூட்டத்தினருக்கு அல்ல. அந்த அக்டோபரில் அவ்வூரில் மெய்யாகவே வருமானம் கண்டவர் தேநீர்க் கடைக்காரராகத்தான் இருக்கவேண்டும்.

கிடைப்பவர்க்குத் தேடாமலே கிடைக்கிறது. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் நிலத்தைத் துப்புரவு செய்த பணியாளர்களின் மண்வெட்டியிற் பட்டது ஒரு செம்பு; அதனுள் 505 பொற்காசுகள், நிறை 1.716 கிலோகிராம். கருவியும் இல்லை, மையும் இல்லை. இங்கிலாந்தில் ஹாக்சன் என்ற கிராமத்தில் 1992 ஆம் ஆண்டு ஒரு குடியானவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்தார். நண்பரொருவர் கருவியோடு தேட வந்தார். சுத்தியலுக்கு முன்னே அகப்பட்டது உரோமர் காலத்துப் பெரும் புதையல்: நாணயங்கள் மட்டுமே 15,000 வரையில். அவர் ஆசைப்பட்டு முழுவதையும் அள்ளாமல் அதிகாரிகளுக்கு அறிவித்ததால், பொருள்கள் வைத்தது வைத்தபடியே ஆராயப்பட்டன. சட்டப்படி பெருந்தொகை வெகுமதியும் கிடைத்தது. சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. அதுவும் இப்போது பிரித்தானிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது.

இலங்கையில் இவ்விளையாட்டுக்கு இடமில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் குற்றம். அவ்வாறு அகழ்ந்து பிடிபட்டோரைப் பற்றிய செய்திகளில் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை வாசித்தால் சுவைமிகும்: உலோகங் காட்டும் கருவி, அலவாங்கு, மண்வெட்டி, எலுமிச்சம்பழம், ஊதுபத்தி, அவற்றோடு பூசாரி ஒருவர். விஞ்ஞானத்தை மட்டும் நம்பிப் பூதத்தைப் பகைத்துக்கொள்ள அவர்கள் துணிவதில்லை போலும்.

நல்லதண்ணிக்குப் போகும் வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அது கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடுங்கோடையில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டுகின்றன. கண்டு வர மக்கள் திரள்கின்றனர். பொன் கிடைக்குமென்று எவரும் அங்கே போவதில்லை. பாட்டன் நடந்த தெரு எது, கும்பிட்ட கோயில் எது என்று பிள்ளைகளுக்குக் காட்டவே போகின்றனர்.

இம்மலைநாட்டு மண்ணில் தேடத்தக்க அரும்பொருள் ஒன்று உண்டென்றால் அது தகரத் துண்டொன்றாக இருக்கலாம். 1901 ஆம் ஆண்டளவில், தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்குத் தகர டிக்கட் வழங்கும் முறை ஏற்பட்டது. வட்டமான அத்தகட்டில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். பெயர் இல்லை. கடல் கடந்து வந்து காடு வெட்டிக் கொழுந்து பறித்தவர்களுள் பலருக்கு, இன்னார் இன்ன தோட்டத்துக்கு வந்தார் என்று சொல்ல அதுவே சான்று. அத்தகைய டிக்கட் ஒன்று தேயிலைத் தூரடியில் துருவேறிக் கிடக்கலாம். பொன்னுக்கெனத் திருத்திய கருவி அதன்மேலாகச் செல்லும்போது இரும்பென்றும் தகரமென்றும் ஒதுக்கி, சத்தமே இல்லாமல் கடந்துவிடும்.