பொறியைத் தேடிச் சென்ற பொறிஞர்

கைக்கடிகாரம் நின்றுவிட்டால் அதனைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். சுரங்க வாயிலில் கல்லும் மரமும் கொண்டு நிலைநிறுத்தப்பட்ட பேரெந்திரம் நின்றுவிட்டால் என் செய்வது? செப்பனிடுவோரே அதனை நாடிச் செல்லல் வேண்டும். மண்வாரிகளையும் பளுதூக்கிகளையும் விற்கும் நிறுவனங்கள் இதற்கெனவே களப்பொறிஞர் குழுக்களை வைத்துள்ளன. கண்ணுக்கெட்டாத் தொலைவில் பணிபுரிவாரை நடத்துவது எங்ஙனம் என்பதே அவற்றின் ஓயாத சிக்கல். இச்சிக்கலில் மிகப் பழைய காலத்திலேயே உழன்றவர்கள், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நீராவிப் பொறி வாணிகம் நடத்திய மாத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும் ஆவர்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ளது கார்ன்வால். செம்பும் வெள்ளீயமும் விளையும் நிலம் அது. ஈயக்குட்டைகளைக் கண்ட மலாயா வாசகர்க்குச் சுரங்கத்தில் நீர் ஊறும் தொல்லையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நீரை இறைத்த நியூகமன் பொறிகளோ நிலக்கரியை வாரி விழுங்கின. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்சு நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். எனவே, குறைந்த கரியில் இயங்கும் வாட்டின் பொறி 1777-இல் அங்கே வந்தபோது சுரங்க உடைமையாளர் அதனை ஆவலுடன் ஏற்றனர்.

இங்கே ஒரு புதுமையை நோக்க வேண்டும். அக்காலத்தில் போல்ட்டன்-வாட் நிறுவனம் முழுப் பொறியைச் செய்து விற்கவில்லை. உருளையை வில்கின்சன் என்பாரின் ஆலை கடைந்து தந்தது; நுண்ணிய அடைப்பிதழ்கள் சோஹோ பட்டறையிலிருந்து வந்தன; ஏனையவற்றைச் சுரங்கத்தாரே தேடிக்கொண்டனர். நிறுவனம் கேட்ட ஊதியம், மிச்சமான கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பொறி எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணும் கருவி ஒன்று பூட்டிய பெட்டிக்குள் பொருத்தப்பட்டது. பொறி ஓடினால்தான் பணம்; நின்றால் இல்லை. ஆகவே, நிறுவனத்தின் வருவாய் முழுதும், அங்குச் சென்று பொறியைக் கூட்டி நிறுத்தும் ஆளின் கைத்திறனைப் பற்றி நின்றது.

ஆனால் அத்தகைய ஆட்கள் எளிதில் கிடைக்கவில்லை. குடியில் மூழ்கியவர்களைப் பற்றி வாட் தம் கடிதங்களில் நொந்துகொண்டுள்ளார். பொறியை நிறுத்தும் முறைகளைத் தொகுத்து அச்சிட்டும் கொடுத்தார். ஏடு உதவியது; ஆயினும் கசியும் இணைப்பை அடைக்க ஏட்டுக்குக் கை இல்லையே! தாமே கார்ன்வாலுக்குச் சென்று பல மாதங்கள் தங்கியும் பார்த்தார். தலைவலியும் மனச்சோர்வுமே மிச்சம்.

அவர்களுக்கு வாய்த்த நல்லூழ், வில்லியம் மர்டாக் என்னும் ஸ்காத்லாந்து இளைஞர். 1777-இல் 23 வயதில் பணியில் சேர்ந்த அவருக்கு வாரக்கூலி பட்டறையில் 15 சில்லிங், வெளியூரில் 17, இலண்டனில் 18. வெளியூர்ப் படி என்னும் வழக்கம் அன்றே இருந்தது காண்க. 1779-இல் கார்ன்வாலுக்கு அனுப்பப்பட்டார். நாளடைவில், மர்டாக் வந்து பார்த்தாலன்றிச் சுரங்கத்தார் மனம் அமைதி கொள்ளாத நிலை உண்டாயிற்று.

எல்லாரும் மர்டாக் ஆகிவிடவில்லை. நிறுவனத்தில் பொறி நிறுத்தும் பணி பழகிய எட்வர்டு புல் என்பவர், பின்னர்த் தாமே போட்டியாகப் பொறிகள் அமைக்கலானார். 1793-இல் அவர்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. களத்திற்கு அனுப்பப்படுபவன் தொழிலின் மறைபொருளையும் உடன்கொண்டு செல்கிறான். அதனைப் பூட்டிய பெட்டியில் வைக்க இயலாது.

நல்ல களப்பொறிஞரை வைத்திருப்பதிலும் ஒரு கொடுமை உண்டு. மர்டாக் 1784-இல் நீராவியால் ஓடும் சிறு வண்டி ஒன்றை ஆக்கினார். 1786-இல் அதற்குக் காப்புரிமை பெற இலண்டனுக்குப் புறப்பட்டார். வழியில் எக்ஸிட்டர் நகரருகே எதிர்ப்பட்ட போல்ட்டன் அவரிடம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். சுரங்கப் பொறிகளைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்பது மெய்யே. எனினும், திறமையுள்ளவனை அவன் திறமையைக் காட்டியே கட்டிவைத்த செயலைப் பாராட்ட மனம் வரவில்லை. பின்னாளில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஊதியம் தந்தனர். வண்டி மட்டும் திரும்பவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மர்டாக் கார்ன்வாலை விட்டு நீங்கினார். 1800-இல் வாட்டின் காப்புரிமையும் முடிந்தது. நிறுவனத்தின் ஆட்கள் அகன்றனர். பங்குப் பணம் செலுத்தும் சுமை நீங்கியதென்று சுரங்கத்தார் மகிழ்ந்தனர். ஆனால் பொறிகள் அவையே எனினும் அவற்றின் செயல்திறன் ஆண்டுக்காண்டு தாழ்ந்தது. உற்றுப் பார்ப்பார் இல்லை. ஒப்பிட்டுச் சொல்வாரும் இல்லை. 1811-இல் சுரங்க மேலாளர்கள் கூடி, ஒவ்வொரு பொறியும் ஒரு புசல் கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்பதைத் திங்கள்தோறும் அச்சிட்டு வெளியிட ஏற்பாடு செய்தனர். ஜோயல் லீன் என்பார் அப்பொறுப்பை ஏற்றார். பொறியின் பெயரோடு பொறிஞரின் பெயரும் அதில் இடம்பெற்றது. அடுத்த 30 ஆண்டுகளில் அப்பொறிகளின் சராசரித் திறன் ஏறத்தாழ மும்மடங்காயிற்று.