சேறு, மலை, மணல்

கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று பல நிறங்கள் உண்டு. யாரும் சாயம் ஏற்றவில்லை. எல்லாம் மலைப்பாறை உதிர்ந்து வந்த துகள்கள். வெள்ளை, குவார்ட்ஸ். கறுப்பு, பெரும்பாலும் இல்மனைட். சிவப்பு, கார்னெட்.

கார்னெட் துகள் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பாருங்கள், தம்பி தங்கைகளே! மாதுளை முத்தைப் போல ஒளி ஊடுருவும் சிவப்பு. இந்த அழகான துகள் எதிலிருந்து பிறந்தது தெரியுமா? சேற்றிலிருந்து!

பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்த களிமண்ணும் மணலும் நீரடியில் அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே சேரச் சேர, அடியில் இருந்தவை இறுகிக் கல்லாயின. இப்படி உண்டாவது படிவுப் பாறை.

பிறகு, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதின. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரே பெருநிலமாகச் சேர்ந்த காலம் அது. அந்த மோதலில் படிவுப் பாறைகள் பூமியின் ஆழத்துக்குள் அமுங்கின. அங்கே 800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம். தலைக்கு மேலே பல கிலோமீட்டர் பாறையின் பாரம். களிமண்ணில் இருந்த இரும்பும் அலுமினியமும் சிலிக்காவும் புதிய விதமாகக் கூடிக் கார்னெட் படிகங்கள் வளர்ந்தன. பாறை முழுவதும் உருகிவிடாமலே வேறு பாறையாக மாறியதால் இது உருமாறிய பாறை. முழுவதும் உருகிக் குழம்பாகி, பின் ஆறி இறுகியிருந்தால் அது தீப்பாறை.

ஆழத்தில் பிறந்த பாறை எப்படி வெளியே வந்தது? நிலம் மெல்ல உயர்ந்தது. மேலே இருந்த பாறைகளை மழையும் ஆறும் அரித்துக்கொண்டே போயின. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அந்தப் பாறை வெட்டவெளியில் நிற்கிறது.

நின்றாலும் சும்மா விடுமா வெயிலும் மழையும்? மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது பாறையின் இடுக்கில் இறங்கி, ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது. மர வேர்கள் விரிசலைப் பிளக்கின்றன. ஃபெல்ஸ்பார் இளகியதும், அதோடு பிணைந்திருந்த குவார்ட்ஸும் கார்னெட்டும் உதிர்கின்றன. இவை இரண்டும் கடினமானவை, எளிதில் கரையாதவை. ஆற்றில் உருண்டு கடலுக்கு வந்துவிடுகின்றன.

கரையில் அலை அவற்றைப் பிரிக்கிறது. ஒரே அளவுள்ள குவார்ட்ஸ் துகளைவிடக் கார்னெட் துகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். திரும்பும் அலை இலேசான வெள்ளை மணலை இழுத்துக்கொள்ள, கனமான சிவப்பும் கறுப்பும் கரையில் பட்டையாகத் தங்குகின்றன.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு தட்டில் கடல் மணலும் நீரும் எடுத்து மெதுவாகச் சுழற்றுங்கள். இலேசான துகள்கள் ஓரத்துக்குப் போகும், கனமானவை பின்தங்கும். மணல் காய்ந்தபின் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மேலே காட்டுங்கள். கறுப்புத் துகளில் சில தாவி ஒட்டினால், அதில் மேக்னடைட் என்னும் கனிமம் கலந்திருக்கிறது.

கார்னெட்டின் கதை கரையோடு முடியவில்லை. இந்த மணல் கடலடியில் புதைந்து, சுண்ணாம்பு போன்றவை துகள்களை ஒட்டவைத்தால், அது மீண்டும் படிவுப் பாறையாகும். அப்பாறையும் ஒருநாள் ஆழத்துக்குள் போகலாம், அல்லது உயர்ந்து மலையாகலாம். இந்த மாற்றத்துக்குத்தான் பாறைச் சுழற்சி என்று பெயர். அதற்குத் தொடக்கப் புள்ளியும் இல்லை, அவசரமும் இல்லை.