உயிரைக் குடித்த சவரக்கத்தி!

1842-ம் ஆண்டு, ஜனவரி 1-ந் தேதி. அமெரிக்காவில் கான்கார்டு என்ற ஊர்.

ஜான் தோரோ என்ற வாலிபர், தன் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டு இருந்தார். கத்தி விரலில் பட்டது. இடது கை மோதிர விரலில் சிறு காயம். துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சில நாட்களில் தாடை இறுகியது. வாயைத் திறக்க முடியவில்லை. 11-ந் தேதி தம்பியின் கைகளிலேயே உயிர் பிரிந்தது.

தனுர்வாதம்!

அந்தத் தம்பிதான், காந்தியடிகள் போற்றிய எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ.

இன்று தனுர்வாதத்துக்குத் தடுப்பூசி இருக்கிறது. 10 ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும், மடக்குக் கத்தியால் சவரம் செய்ய விரும்புகிறவர்கள் அதைக் கையாளும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தீட்டும்போதே கவனம்

ஜானுக்குக் காயம் பட்டது சவரம் செய்யும்போது அல்ல, தீட்டும்போது!

வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போகவேண்டும். கூர் பின்னால் வரவேண்டும். முனைக்கு வந்ததும், முதுகின் மேல் உருட்டித் திருப்புங்கள். கூரின் மேல் புரட்டினால் வார் அறுபடும். கூரும் கெடும். சலூன்காரர் 'சட், சட்' என்று தீட்டுவார். அது அவருடைய பல ஆண்டுப் பழக்கம். நமக்கு அந்த வேகம் வேண்டாம்.

"கூரான கத்திதான் வெட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். மழுங்கிய கத்திதான் அதிகம் வெட்டும்! அது முடியில் சிக்கி இழுக்கும். உடனே கை அழுத்தும். அழுத்தினால் காயம்தான்.

முதலில் வெந்நீரால் முகத்தை நனைத்து, சோப்பு நுரையை நன்றாகத் தேயுங்கள். முடி மெத்தென்று ஆகும்.

கத்தியைக் கன்னத்தில் படுக்க வைத்து, முதுகைச் சற்றே தூக்குங்கள். சுமார் 30 டிகிரி சாய்வு போதும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். மோவாயில் சிறிது சிறிதாகத்தான் இறக்கவேண்டும்.

கத்தியைக் கூரின் நீளவாக்கில் மட்டும் இழுக்கவே கூடாது. வெண்டைக்காய் நறுக்குவது அப்படித்தான்!

குழந்தைகள் ஓடிவந்து முதுகில் தொங்கும் நேரத்தில், கத்தியைக் கையில் எடுக்காதீர்கள்.

படிக்காரம்

மீறிக் கீறல் விழுந்தால், படிக்காரத்தை நனைத்துத் தடவுங்கள். ரத்தம் நின்றுவிடும்.

சலூனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் 'ஹெபடைடிஸ் பி' கிருமி, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும். கூச்சப்படாமல் புது பிளேடு கேளுங்கள். பிளேடை மாற்றுகிற கடையிலும் படிக்காரக் கல் ஒன்றுதான். எல்லோருடைய காயத்திலும் அதே கல்! வீட்டில் இருந்தே ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பல மாதங்களுக்கு வரும்.