தள்ளுபடியான வழக்கு மீண்டும் கோப்புக்கு வருமா?

சிவில் வழக்கு கூப்பிடப்படும்போது வாதியும் இல்லை, அவருடைய வக்கீலும் இல்லை என்றால், இந்திய நீதிமன்றங்கள் அதைத் தள்ளுபடி செய்யலாம். வக்கீல்களும் குமாஸ்தாக்களும் இதை ‘டிஃபால்ட்டில் போய்விட்டது’ என்பார்கள். நிலம் யாருடையது, கடன் உண்டா இல்லையா என்ற விஷயத்துக்குள் நீதிபதி நுழைந்திருக்கவே மாட்டார். ஆகவே 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இந்த உத்தரவைத் தீர்ப்பாணையாகக் கருதுவதில்லை. தீர்ப்பாணையை எதிர்ப்பதுபோல் இதன்மீது நேரடியாக மேல்முறையீடு செய்ய முடியாது. தள்ளுபடி செய்த அதே நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்கும்படி கேட்க வேண்டும்.

அதற்குமுன் உத்தரவு எந்த விதியின் கீழ் வந்தது என்று பார்ப்பது அவசியம். சட்டத்தின் 9-ஆம் கட்டளை இரண்டு நிலைகளைப் பிரித்து வைத்திருக்கிறது. இரு தரப்பும் வராத நாளில் செய்யும் தள்ளுபடி 3-ஆவது விதியில் வரும். அப்போது வாதிக்கு 4-ஆவது விதிப்படி இரண்டு வழிகள் உண்டு: காலவரையறை மீதமிருந்தால் புதிய வழக்கே போடலாம், அல்லது பழையதை மீட்கக் கேட்கலாம். பிரதிவாதி வந்து நின்று, வாதி மட்டும் வராவிட்டால் அது 8-ஆவது விதி. பிரதிவாதி கோரிக்கையில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டால் அந்த அளவுக்குத் தீர்ப்பாணை கிடைக்கும், மற்றது தள்ளுபடியாகும். இங்கே 9-ஆவது விதி கடுமையானது. அதே வழக்குமூலத்தை வைத்து வாதி புதிய வழக்குத் தொடர முடியாது. மீட்பு மனு ஒன்றுதான் வழி.

மனுப் போட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 122-ஆம் உறுப்பில், 30 நாள் தருகிறது. அந்த 30 நாள் தள்ளுபடியான தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். வாதிக்குத் தெரியவந்த தேதியிலிருந்து அல்ல. பலர் ஏமாறுவது இங்கேதான். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பான பிரதிவாதிக்கு, சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படாதிருந்தால், தெரிந்த நாளிலிருந்து கணக்கிடும் சலுகை உண்டு. வழக்கைத் தொடுத்தவருக்கு அது இல்லை. தன் வழக்கின் வாய்தா தேதியைத் தெரிந்து வைத்திருப்பது அவர் பொறுப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. கடைசி நாள் கோடை விடுமுறைக்குள் விழுந்தால், நீதிமன்றம் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். அதையும் தாண்டிவிட்டால், மீட்பு மனுவோடு 5-ஆவது பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவும் தேவை. நீதிமன்றம் முதலில் அதைத்தான் எடுக்கும். அது தோற்றால் மற்றதைப் பார்க்க மாட்டார்கள்.

மனுவின் உயிர் பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. கூப்பிட்டபோது வராததற்குப் ‘போதிய காரணம்’ இருந்ததா என்பதே கேள்வி. அது எது என்று சட்டம் பட்டியல் போடவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தது, குடும்பத்தில் சாவு, வக்கீல் வேறு கோர்ட்டில் வாதாடிக்கொண்டிருந்தது, தேதியைத் தப்பாகக் குறித்தது என எல்லாமே ஏற்கப்படலாம், நம்பும்படி சொன்னால். ‘தவிர்க்க முடியாத காரணங்களால் வர இயலவில்லை’ என்று எந்த மனுவிலும் பொருந்தும் வரியை எழுதிவைப்பதால் பயனில்லை. எந்த நாள், என்ன நடந்தது, யார் எப்போது தெரிவித்தார் என்பதும் மருத்துவச் சான்றும் வேண்டும்.

வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரர் பொறுப்பா? 1981-இல் நீதிபதி டி.ஏ. தேசாய் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, வக்கீலை நம்பி ஊரில் இருந்த மேல்முறையீட்டாளர் தண்டிக்கப்படக் கூடாது என்று கூறி, செலவுத்தொகையை வராத வக்கீலிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. ஆனால் 1993-இல் அதே நீதிமன்றம், பழியை எல்லாம் வக்கீல்மேல் போட்டுவிட்டுக் கட்சிக்காரர் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. படிக்காத விவசாயிக்குக் கிடைக்கும் இரக்கம், சட்ட ஆலோசகர்களை வைத்திருக்கும் கம்பெனிக்குக் கிடைக்காது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மீட்பு கேட்கும் மனுவே தள்ளுபடியாவதும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்ட மனு ஆஜராகாததால் போய்விட்டது. அதை மீட்க 883 நாள் தாமதம். 1998-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தை மன்னித்தது. நாட்களின் எண்ணிக்கையைவிட விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. இதை நம்பித் தாமதிப்பது அபாயம்: சில நாள் தாமதத்தையே மன்னிக்காத உத்தரவுகளும் உண்டு.

விசித்திரமான நிலை ஒன்று, செத்துப்போன வாதி வரவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்வது. 1913-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இப்படி ஒன்று போனது. வராதவர்மீது பாயும் விதி இறந்தவருக்குப் பொருந்தாது, நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் அந்தத் தவறைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவானது. வாரிசுகள் 90 நாளுக்குள் தங்களைச் சேர்க்கக் கேட்க வேண்டும் என்பது வேறு கணக்கு.

விதி 9-இன் கீழ் மனு வந்தால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமல் உத்தரவிட முடியாது. வீணாக அலைந்த பிரதிவாதிக்குச் செலவுத்தொகை கொடுக்கும்படி நிபந்தனை விதிப்பது வழக்கம்; குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தானாகவே தள்ளுபடியாகும் என்றும் எழுதுவார்கள். மனு நிராகரிக்கப்பட்டால், 9-ஆவது விதிக்கு 43-ஆம் கட்டளைப்படி மேல்முறையீடு உண்டு. 4-ஆவது விதிக்கு அது இல்லை. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான் வழி.

வழக்கு கோப்புக்குத் திரும்பினால், விட்ட இடத்திலிருந்து நடக்கும். தள்ளுபடிக்கு முன் இருந்த இடைக்காலத் தடையும், நீதிமன்றம் அதை விலக்கினாலொழிய, மீண்டும் உயிர்பெறும் என்பது 2004-இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது. ஆனாலும் தடை இருந்த வழக்கில், அது தொடர வேண்டும் என்று மீட்பு உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்வது வக்கீல்களின் வழக்கம்.