'ஜன கண மன' மெட்டை எழுதி வைத்த அயர்லாந்து அம்மையார்

தாராவி மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் பாடும் 'ஜன கண மன'வும், எல்லைக் காவலில் நிற்கும் சிப்பாய்கள் பாடும் 'ஜன கண மன'வும் ஒரே மெட்டுத்தான். பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வங்காள மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் மெட்டு பிசகுவதில்லை. இந்தப் பாட்டின் மெட்டை மேல்நாட்டு முறையில் சுரப்படுத்தி எழுதி வைத்தவர் ஓர் அயர்லாந்துப் பெண்மணி. பெயர் மார்கரெட் கசின்ஸ்.

இவர் பிறந்தது 1878 நவம்பர் 7-ஆம் தேதி, அயர்லாந்தில் பாயில் என்ற சிற்றூரில். தந்தை கோர்ட்டு குமாஸ்தா. பெரிய குடும்பம், மூத்த பெண் இவர்தான். குமாஸ்தா வீட்டுப் பெண் டப்ளின் நகருக்குப் போய், சங்கீதக் கழகத்தில் பியானோ பயின்று, 1902-இல் இசையில் பட்டமும் பெற்றார். அந்நாளில் பெண்கள் பட்டம் பெறுவதே அபூர்வம். மறு ஆண்டு ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரை மணந்தார்.

பியானோவோடு இருந்திருந்தால் டப்ளினில் நல்ல ஆசிரியை என்ற பெயரோடு காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் கிளர்ச்சியில் குதித்தார். 1908-இல் அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். லண்டனில் மந்திரிகளின் வீட்டு ஜன்னல்களில் கல் எறிந்ததற்காக 1910-இல் ஒரு மாதம் சிறை. 1913-இல் மறுபடியும் ஒரு மாதம், இம்முறை அயர்லாந்தில். அரசியல் கைதியாக நடத்தும்படி கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்.

1915-இல் கணவனும் மனைவியும் சென்னைக்குக் கப்பலேறினார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் ஜேம்ஸுக்கு உதவி ஆசிரியர் வேலை. மறு ஆண்டு டப்ளினில் வெள்ளையனை எதிர்த்துப் புரட்சி வெடித்தது. ஜேம்ஸ் அதைப் புகழ்ந்து எழுதினார், வேலை போயிற்று. பிழைக்க வந்த ஊரில் வேலை போனால் என்ன பாடு என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல வேளையாக மதனப்பள்ளியில் இருந்த பிரம்மஞான சபைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இன்று ஆந்திராவில் இருக்கும் மதனப்பள்ளி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

மதனப்பள்ளியில் ஒரு மாலை

அந்தக் கல்லூரிக்கு 1919 பிப்ரவரியில் ரவீந்திரநாத் தாகூர் வந்து தங்கினார். புதன்கிழமை மாலைகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிப் பாடுவது அங்கே வழக்கம். கவிஞரையும் பாடச் சொன்னார்கள். அவர் 'ஜன கண மன' பாடினார். நாடுகளின் பெயர், மலைகளின் பெயர், ஆறுகளின் பெயர் என்று பூகோளப் பாடம் போலத் தொடங்கிய பாட்டு, ஜய முழக்கம் வந்ததும் கூட்டத்தைப் பிடித்துக் கொண்டது. மாணவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

பாட்டைக் கேட்டு ரசித்ததோடு மார்கரெட் அம்மையார் நின்றுவிடவில்லை. கவிஞரிடமே கேட்டுக் கேட்டு மெட்டைச் சுரக்குறிப்பாக எழுதினார். தாகூர் பிப்ரவரி 28-ஆம் தேதி பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். கல்லூரியில் அதுவே அன்றாடப் பிரார்த்தனைப் பாட்டாயிற்று.

எழுதுவதில் என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். நம் சங்கீதம் குரு பாட, சிஷ்யன் திருப்பிப் பாட வளர்ந்தது. நம் சுரக்குறிப்பு பாட்டு தெரிந்தவனுக்கு ஞாபகமூட்டும்; தெரியாதவனுக்கு முழுப் பாட்டையும் சொல்லித் தராது. மேல்நாட்டார் ஐந்து கோடு போட்டு எழுதும் முறையில் ஒவ்வொரு சுரமும் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதுவரை காகிதத்தில் இருக்கும். பாட்டைக் கேட்டே இராத பாண்டு வாத்தியக்காரரும் பார்த்து வாசித்துவிடலாம். இழப்பும் உண்டு, வங்காளப் பாட்டின் குழைவும் நெளிவும் கோட்டில் அடங்குவதில்லை.

இந்த மெட்டு பெரும்பாலும் நம் சங்கராபரணத்தின் சுரங்களில் நடப்பது ஒரு சௌகரியம். மேல்நாட்டாரின் அடிப்படைச் சுர வரிசையும் அதுதான். சென்னைக் கோட்டை பாண்டு வாத்தியத்தைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் 'நோட்டுசுவர'ப் பாட்டுகளை அமைத்ததும் இதே ராகத்தில் என்பது சண்முகானந்தா சபையில் கச்சேரி கேட்கும் மாதுங்கா வாசிகளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேசிய கீதத்துக்கு இசையமைத்தவரே இந்த அம்மையார்தான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. மெட்டு தாகூருடையது. 1911 டிசம்பர் 27-இல் கல்கத்தா காங்கிரசிலேயே இந்தப் பாட்டு பாடப்பட்டது. அம்மையாருக்கு உரியது எழுதி வைத்த பெருமை. அது சிறிய பெருமையும் அல்ல. 1947-இல் ஐ.நா. சபையில் நம் தூதுக்குழுவிடம் தேசிய கீதம் கேட்டபோது, கையில் இருந்த 'ஜன கண மன' இசைத்தட்டைக் கொடுத்தார்கள், வாத்தியக் குழு வாசித்தது, பலரும் பாராட்டினார்கள். வாத்தியத்துக்கு நன்றாக அமையும் பாட்டு என்பதையும் ஒரு காரணமாக நேரு 1948-இல் எடுத்துச் சொன்னார்.

நீதிபதி, பிறகு கைதி

மதனப்பள்ளிச் சம்பவத்துக்கு முன்பே, 1917-இல், அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்ற மார்கரெட் காரணமாக இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஓட்டுரிமை கேட்டது; அந்த ஏற்பாட்டின் பின்னணியிலும் இவரே. 1921-இல் முதலில் சென்னை மாகாணமும், அடுத்துப் பம்பாய் மாகாணமும் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தன. 1927 ஜனவரியில் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு முதன்முதலாகக் கூடியதற்கு, இவர் எழுதிய கடிதங்களே வித்து.

1922-இல் இவரைக் கௌரவ மாஜிஸ்ட்ரேட்டாக நியமித்தார்கள். அந்தப் பதவியில் இந்தியாவில் முதல் பெண். பத்தே ஆண்டில், 1932-இல், அவசரச் சட்டங்களைக் கண்டித்துச் சென்னையில் பேசியதற்காக அதே சர்க்கார் இவரை வேலூர்ச் சிறைக்கு அனுப்பியது. தண்டனை ஓர் ஆண்டு. இத்தனைக்கும் நடுவே சங்கீதத்தை விட்டுவிடவில்லை. கீழ்நாட்டு இசையையும் மேல்நாட்டு இசையையும் பற்றி எழுதிய நூல் 1935-இல் வெளிவந்தது.

1943-இல் பக்கவாதம் தாக்கியது. அதன்பின் பழைய நடமாட்டம் இல்லை. சென்னை சர்க்காரும் பிறகு நேருவும் பண உதவி செய்தார்கள். 1950 ஜனவரி 24-இல் 'ஜன கண மன' தேசிய கீதமாக அறிவிக்கப்பட்டபோது மார்கரெட் உயிரோடு இருந்தார். 1954 மார்ச் 11-இல் காலமானார். ஜேம்ஸ் 1956-இல் மதனப்பள்ளியில் மறைந்தார். இருவரும் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய்க் குடியேறவில்லை.